மகளுக்குத் தடுப்பூசி, அம்மாவுக்கு?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இப்போது பல வீடுகளில் பேச்சாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயது வரையுள்ள சிறுமியருக்குப் படிப்படியாக இந்த ஊசி போடப்படும் என்று அறிவித்து, 36 கோடி ரூபாயும் ஒதுக்கியது. நல்ல முடிவு. ஆனால், இந்த ஊசியின் முழுப் பலனைக் காண இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தச் சிறுமிகளின் அம்மாக்களுக்கும் பெரியம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் இன்று 30, 40, 50 வயது. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஊசி காலம் கடந்த ஒன்று. அவர்களைக் காப்பாற்றக்கூடியது பரிசோதனைதான். அதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது சத்தமில்லாமல் ஒரே நாளில் தாக்கும் நோய் அல்ல. எச்.பி.வி. வைரஸ் தொற்று நீடித்து, திசு மாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த நீண்ட இடைவெளியில் ஒருமுறை பார்த்திருந்தால்கூடப் பல பெண்களைப் பிழைக்க வைத்திருக்கலாம்.

இது தெரியாமல் நாம் இல்லை. உலகத்துக்கே இதைத் தெரிவித்ததில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண்கள் தந்த அறிவை அவர்களுடைய வீட்டு வாசல்வரை நாம் கொண்டுபோய்ச் சேர்த்தோமா என்பதே என் கேள்வி.

திண்டுக்கல் சொன்னது

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ சமுதாய மருத்துவ மையம் களத்தைப் பார்த்துக்கொண்டது. பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் ஆய்வை முன்னின்று நடத்தினார். மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்து, அவற்றைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒருமுறை பரிசோதனை. மற்ற 57 பகுதிகளில் அப்போது வழக்கமாகக் கிடைத்த மருத்துவ வசதி மட்டும்.

பரிசோதனை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மாற்றம் அடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், வாரக்கணக்கில் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். புற்றாக மாறக்கூடிய திசு தென்பட்டால், அதை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் பெரும்பாலும் அவர்களே செய்தார்கள்.

2003க்குள் 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். அதன்பின் இரு தரப்புப் பகுதிகளிலும் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார் என்று 2006 வரை தொடர்ந்து பதிவு செய்தார்கள். முடிவு 2007இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்திருந்தது. அந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் பலன் இன்னும் கூடுதல். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஒரு செவிலியர், ஒரு நிமிடம் பார்த்ததன் விளைவு இது.

ஏழை நாடுகளில் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கிற காரியமா என்று அதுவரை உலகம் தயங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தயக்கத்துக்குத் திண்டுக்கல் பெண்கள் விடை சொன்னார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வும், சுகாதாரப் பணியாளர்கள் செய்த இதே வினிகர் பரிசோதனையால் இறப்பு 31 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் காட்டியது.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு வேறொரு செய்தியைத் தந்தது. அங்கே மூன்று வகைப் பரிசோதனைகளை ஒப்பிட்டார்கள். வைரஸையே நேரடியாகத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையை ஒருமுறை செய்த குழுவில் இறப்பு ஏறத்தாழப் பாதியானது. வினிகர் பரிசோதனை அங்கே குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது என்பதும், எச்.பி.வி. பரிசோதனை அந்தக் குறையைத் தாண்டி நிற்கிறது என்பதும் தெளிவாயின. 30 வயதுக்கு மேல் எச்.பி.வி. பரிசோதனையை ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. அதன் பின்னணியில் உஸ்மானாபாத்தின் பெண்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் பரிசோதனை கிடைக்காத ஒப்பீட்டுப் பகுதிகளில் இருந்தவர்கள் 30,958 பெண்கள். ஆய்வுக் காலத்தில் அவர்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். இவர்களைப் பரிசோதிக்காமல் விட்டது அறமா என்று இம்மூன்று ஆய்வுகள் மீதும் பின்னாளில் கடும் கேள்விகள் எழுந்தன. அரசின் வழக்கமான சேவையில் அப்போது இந்தப் பரிசோதனையே இல்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், அந்தப் பெண்களிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். பரிசோதனை உயிர் காக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகும் அதைக் கொடுக்காமல் இருப்பதற்கு எந்த விளக்கமும் இல்லை.

வராதவர்களின் கணக்கு

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகப் பரிசோதனை தொடங்கியது. 2012 முதல் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. 2023இல் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடு தேடி அழைப்பு விடுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும், 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டதாகச் சொன்ன 30-49 வயதுப் பெண்கள் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் மட்டுமே. பெரிய மாநிலங்களில் இதுவே அதிகம். நாட்டின் சராசரி இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2030க்குள் 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. நமக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் ஆய்வால் முடிந்தது அரசுத் திட்டத்தால் ஏன் முடியவில்லை? பணம், ஆள் பற்றாக்குறை என்று காரணங்கள் அடுக்கலாம். அவற்றைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஆய்வு ஒரு பெயர்ப்பட்டியலோடு தொடங்கியது. பரிசோதனைக்குத் தகுதியான பெண்கள் 49,311 பேர் என்று முதலில் வீடு வீடாக எண்ணி எழுதினார்கள். பிறகுதான் அழைத்தார்கள். அதனால்தான் 63.6 சதவீதம் பேர் வந்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. வராத பதினெட்டாயிரம் பேரின் பெயரும் ஊரும் அவர்களிடம் இருந்தன.

அரசு முகாமில் கணக்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் வந்தார்களோ அவர்களிலிருந்து எண்ணிக்கை ஆரம்பிக்கிறது. இந்த மாதம் இத்தனை பரிசோதனைகள் என்று அறிக்கை மேலே போகிறது. நடந்த பரிசோதனைகளை எண்ணுவதும் பரிசோதிக்கப்பட்ட பெண்களை எண்ணுவதும் ஒன்றல்ல. பிரசவத்துக்குப் பிறகோ, வெள்ளைப்படுதல் என்று வந்தபோதோ, மகளிர் மருத்துவரைத் தேடி வரும் பழக்கம் உள்ள பெண்ணே மறுபடி பரிசோதிக்கப்படலாம். பத்து ஆண்டுகளாக எந்த மருத்துவமனைப் படியும் ஏறாத 52 வயதுப் பெண் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். ஆபத்து அதிகம் அவருக்குத்தான்.

அவர் ஏன் வருவதில்லை என்பதற்கும் பெரிய மர்மம் எதுவும் இல்லை. உடம்பில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு எதற்கு ஆஸ்பத்திரி என்பது முதல் கேள்வி. ஒரு நாள் கூலி போய்விடும். உள்ளே ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற கூச்சம். ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்ற பயம். மாமியாரிடமும் கணவரிடமும் என்ன சொல்லிவிட்டுப் போவது என்ற தயக்கம். மாதவிடாய் நின்றுவிட்டதே, இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது. ஆனால், வராதவர் யார் என்று பெயரோடு தெரிந்தால்தான் அந்தத் தீர்வை அவரிடம் கொண்டுபோக முடியும்.

வந்தவர்களைப் பாதியில் தவறவிடுவதும் உண்டு. நன்கு திட்டமிட்டு நடந்த திண்டுக்கல் ஆய்விலேயே, புற்றாக மாறக்கூடிய நிலை கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். சாதாரண நாள்களில் சாதாரண சுகாதார நிலையத்தில் 'ஜி.ஹெச்.க்குப் போய்க் காட்டுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பப்படும் பெண்களில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேருகிறார்கள்? சீட்டோடு வீடு திரும்பிய பெண் பரிசோதனைக் கணக்கில் ஒரு வெற்றி. பலனோ அவருக்கு எதுவும் இல்லை.

ஒரு நோய், பல ஊர்கள்

புற்றுநோய் எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. இதை நாம் அறிந்ததும் பதிவேடுகளால்தான். 1963இல் டாக்டர் டி.ஜே. ஜஸ்ஸாவாலா மும்பையில் தொடங்கியது இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதை அது காட்டியது. 1981 இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது மும்பை, பெங்களூருவுடன் சென்னையும் இடம்பெற்றது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அந்தப் பொறுப்பை ஏற்றது. பின்னர் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுக்கும் அதுவே தோள் கொடுத்தது.

பதிவேடு என்பது கணினியில் தானாக நிரம்பும் பட்டியல் அல்ல. பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் நேரில் போய், ஒவ்வொரு நோயாளியையும் தேடி, ஒரே நபர் இருமுறை பதிவாகாமல் சரிபார்த்து எழுதுகிறார்கள். வெளியே தெரியாத, மிகவும் மதிக்க வேண்டிய உழைப்பு இது.

அந்த உழைப்பு என்ன தந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அது வெகுவாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. இந்தச் சரிவின் பெரும்பகுதி, திட்டமிட்ட பரிசோதனை எதுவும் வருவதற்கு முன்பே நடந்தது. பெண்கள் படித்தார்கள், திருமணம் தள்ளிப்போனது, பிள்ளைப்பேறு குறைந்தது, வீட்டுக்குள் குளியலறையும் தண்ணீரும் வந்தன. இந்த மாற்றங்கள் எல்லாப் பெண்களையும் ஒரே வேகத்தில் எட்டவில்லை. சென்னையின் சராசரி இறங்கிய அதே காலத்தில் இளவயதுத் திருமணமும், தண்ணீர்ப் பஞ்சமும், கழிப்பறை இல்லாத வாழ்க்கையும் தொடர்ந்த குடியிருப்புகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

வடகிழக்கு இந்தியா இன்னொரு பாடம். தேசியப் பதிவேட்டின் 2012-16 அறிக்கைப்படி, ஆண்களிடம் புற்றுநோய் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருந்தது மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில்: வயது வேறுபாட்டைச் சரிசெய்த பின் லட்சம் பேருக்கு 269. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் அது 40ஐத் தாண்டவில்லை. மிசோரமில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கித் தயாரிக்கும் 'துய்பூர்' என்ற திரவத்தை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கமும், புகையில் வாட்டிய இறைச்சியும் ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்களில் உள்ளவை. சென்னைக்கு எழுதிய விழிப்புணர்வு வாசகத்தை மொழிபெயர்த்து ஐஸ்வாலில் ஒட்டினால் பயன் இருக்காது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த வேறுபாடுகள் உண்டு. வால்பாறைத் தோட்டத் தொழிலாளி, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு இடம்பெயரும் இருளர் பெண், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிப்பவர், ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வந்து பின்னலாடை நிறுவன விடுதியில் தங்கியிருப்பவர்: இவர்கள் அனைவரும் மாவட்டச் சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகிறார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கு 25 வயதிலிருந்தே பரிசோதனை வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களுக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் அந்தப் பெண்களைத் தேடிப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை.

நம்பிக்கை இல்லாமல் ஊசி இல்லை

தடுப்பூசியின் வரலாற்றிலும் நாம் நினைவில் வைக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஓர் அமைப்பு, எச்.பி.வி. தடுப்பூசி செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் சிலர் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால், பெற்றோரின் ஒப்புதல் பெறுவதில் நடந்த முறைகேடுகள் வெளியே வந்தன. பழங்குடிச் சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. நாட்டின் தடுப்பூசித் திட்டம் பல ஆண்டுகள் பின்னால் போனது.

2010இன் அதே நிறுத்த ஆணையால் வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று இந்தியாவின் பல மையங்களில் நடந்துகொண்டிருந்த ஆய்வு அது. அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். ஊசி நிறுத்தப்பட்டதால், சில ஆயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே தவணையும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைச் சுமார் 95 சதவீதம் தடுப்பதாக 2021இல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை முறையை ஏற்றது. உலகெங்கும் பல நாடுகள் இன்று ஒரு ஊசியோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது என்றால், அதற்கான சான்றுகளில் நம் பெண் குழந்தைகள் தந்ததும் உண்டு.

இரண்டு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில், ஒரே ஊசியைச் சுற்றி நடந்தவை. ஒன்றில், ஏழைச் சிறுமிகளின் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. மற்றொன்றில், பெயரோடும் முகவரியோடும் தெரிந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்பில் இருந்தார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை உறவு. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்தி ஊசி போடுவதற்கு முன், அந்தச் சிறுமியின் தாயிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். அப்படிப் பேசும்போதே 'உங்களுக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறதம்மா' என்று சொல்லிவிடலாம். மகளும் தாயும் ஒரே அழைப்பில் வரட்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு

நோய் வந்தவர்களின் கதையையும் எண்கள் சொல்கின்றன. 2012-15இல் நோய் கண்டறியப்பட்ட பெண்களை 11 பதிவேடுகள் பின்தொடர்ந்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 52 சதவீதம். அகமதாபாத்தில் அது 61, திரிபுராவில் 32. நோய் ஒன்றே. எந்த ஊரில் பிறந்தோம் என்பது ஒரு பெண் பிழைக்கும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது. திரிபுராவின் பெண்கள் தாமதமாக வந்தார்களா, வந்தும் சிகிச்சை முழுமையாகக் கிடைக்கவில்லையா, பாதியில் நிறுத்திவிட்டார்களா என்று ஊர் ஊராகத் தேடிப் பார்த்தால்தான் அந்த 32ஐ உயர்த்த முடியும்.

முற்றிய நிலையில் வருபவர்களுக்கு முக்கியமான சிகிச்சை, நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்களுக்கு மேல் போகவேண்டியிருக்கும். கூடவே மருந்தும், உள்ளே வைக்கும் கதிர்வீச்சும் உண்டு. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கூட வருபவரின் கூலி இழப்பை யாரும் ஏற்பதில்லை. நகரத்தில் தங்குவதற்கான செலவு, சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பாதியில் நின்றுபோன கதிர்வீச்சு அரை வைத்தியம் அல்ல; பல நேரங்களில் அது வைத்தியமே இல்லை.

முழுமையாக முடித்தவர்களுக்கும் பிறகு வேறொரு வாழ்க்கை காத்திருக்கிறது. சிறுநீர், மலம் கழிப்பதில் தொல்லை, ரத்தப்போக்கு, முன்கூட்டியே வரும் மாதவிடாய் நிறுத்தம், விலகாத அசதி, பிறப்புறுப்பு சுருங்கித் தாம்பத்தியத்தில் வலி. கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. கேட்காவிட்டால் மருத்துவர்களும் சொல்வதில்லை. எளிய பயிற்சிகளாலும் களிம்புகளாலும் குறைக்கக்கூடிய வேதனையை ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள். கணவர் விலகிப்போவதும், தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதும் நடக்கின்றன. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல என்று அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதோடு பெரும்பாலும் கணக்கு முடிந்துவிடுகிறது. நூறு நாள் வேலைக்குத் திரும்ப முடிந்ததா, கடன் அடைந்ததா, மகளின் படிப்பு நின்றதா என்று கேட்கும் ஆய்வுகள் நமக்கு வேண்டும். பிழைத்தவரின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சிகிச்சை வெற்றி என்று சொல்லிக்கொள்வது நியாயமாகாது.

இனி செய்ய வேண்டியவை

முதலில் பட்டியல். ஒவ்வொரு துணை சுகாதார நிலையமும் தன் எல்லைக்குள் உள்ள 30 வயதைக் கடந்த பெண்கள் அனைவரின் பெயரையும் வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போதும்: பரிசோதனை ஆனதா, எப்போது, முடிவு என்ன, சிகிச்சை முடிந்ததா. தோட்டக் குடியிருப்புகள், தொழிற்சாலை விடுதிகள், முகாம்கள், சூளைகள் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். ரேஷன் அட்டை இல்லை என்பதற்காக யார் பெயரும் விடுபடக் கூடாது.

அடுத்து, எச்.பி.வி. பரிசோதனைக்கு மாற வேண்டும். பெண் தானே மறைவாகப் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பதே இதன் பெரிய வசதி. கூச்சம் என்ற தடை பாதிக்கு மேல் விலகிவிடும். காசநோய்க்கும் கொரோனாவுக்கும் வாங்கிய மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகள் மாவட்டந்தோறும் உள்ளன. உள்நாட்டில் உருவான எச்.பி.வி. பரிசோதனைகளும் வந்துவிட்டன. ஆனால், இம்முறையில் முடிவு அன்றே கைக்கு வராது. தொற்று இருப்பதாகத் தெரிந்த ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்துவர ஆள் நியமிக்காமல் இதைத் தொடங்கினால், சீட்டோடு வீடு திரும்பும் பெண்களின் எண்ணிக்கைதான் கூடும். மலைக் கிராமங்களில் ஒரே நாளில் பார்த்து, அங்கேயே சிகிச்சையும் கொடுத்து அனுப்பும் வினிகர் முறை இன்னும் சில ஆண்டுகள் தொடரலாம். கையடக்கமான, மின்கலத்தில் இயங்கும் வெப்ப சிகிச்சைக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வட்டாரத்துக்கு ஒன்றாவது வாங்க வேண்டும்.

பரிசோதனையை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் முகாம் நடக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் அழைக்கட்டும். உள்ளே செவிலியர்கள் பார்க்கட்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அன்றைய கூலியையும் பேருந்துச் செலவையும் அரசு கொடுக்க வேண்டும். முற்றிய புற்றுநோய்க்குக் காப்பீட்டில் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு.

புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் செய்துவிட்டன. நாடு முழுவதும் ஒரே விதி வரவேண்டும். அப்போது தனியார் மருத்துவமனைகளின் நோயாளிகளும் பதிவேட்டுக்குள் வருவார்கள். பதிவுப் பணியாளர்கள் ஒவ்வொரு வாசலிலும் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. பதிவேட்டைக் காப்பீட்டுத் திட்டத் தரவோடும் இறப்புப் பதிவோடும் இணைக்கும்போது, நோயாளியின் பெயர் வெளியே கசியாமல் இருக்கச் சட்டப் பாதுகாப்பு அவசியம்.

தடுப்பூசித் திட்டம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. படிப்பை நிறுத்திவிட்ட, திருமணம் ஆகிவிட்ட, வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளுக்கே ஆபத்து கூடுதல். அவர்களைத் தேடும் பொறுப்பைக் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, அதற்கான நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள், புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கான தனிப் புறநோயாளர் பிரிவு நடக்கலாம். மகளிர் மருத்துவர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், மனநல ஆலோசகர், ஓய்வூதியமும் உதவித்தொகையும் வாங்க விண்ணப்பம் எழுதித் தரும் சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே இடத்தில் இருந்தால், பிழைத்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் இடம் கிடைக்கும். கணவர்களையும் அங்கே அழைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு மக்களிடமே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராம சபைக் கூட்டத்தில், யார் பெயரையும் சொல்லாமல், நான்கு எண்களைச் சுகாதார நிலைய அலுவலர் வாசிக்க வேண்டும்: நம் ஊராட்சியில் 30 வயதைக் கடந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் பரிசோதனை ஆனவர்கள் எத்தனை பேர், பிரச்சினை தெரியவந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர். முதல் ஆண்டு இதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கலாம். கால் நூற்றாண்டுக்கு முன் பரிசோதனை கிடைத்த 57 பகுதிகளிலும், கிடைக்காத 57 பகுதிகளிலும் ஒருசேர.